தமிழில பனர், நோட்டீஸ் செய்யிறதுக்கு அடிப்படையை எங்கையிருந்து பழகத் தொடங்கிறது?

கொக்குவில் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஏ.எல் கலைப்பிரிவில செய்துபோட்டு, போன வருசத்திலயிருந்து திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு போட்டோகொப்பிக் கடையில வேலை செய்யிறன். ரைப்செற்றிங், பிறந்தநாள் பனர், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எண்டு எல்லாம் வரும். ஃபோட்டோஷொப் கடையில பழகினது. வீட்டில ஃபோனில கன்வா. எதை எங்கை அமத்திறது எண்டு எனக்குத் தெரியும். ஆனால் நான் செய்யிறது ஏன் சரிவருதில்லை எண்டதுதான் விளங்குதில்லை.

நடந்த ஒண்டைச் சொல்லுறன். எங்கட சனசமூக நிலையத்தின்ர இரத்ததான முகாமுக்கு 8 அடிக்கு 4 அடி பனர் ஒண்டு நான்தான் செய்து குடுத்தனான். பின்னால ஆஸ்பத்திரிப் படம், அதுக்கு மேல ஊதா, தலைப்பு சிவப்பில, எழுத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு, நிழலும் விட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூண்டு பேற்ற படமும் போடச் சொன்னவை, போட்டன். இரண்டு இரவு இருந்து செய்தது. கொம்பியூட்டரில பாக்க வடிவாய்த்தான் இருந்தது. சந்தியில கட்டினாப்பிறகு சயிக்கிளில போய்ப் பாத்தன். திகதி எந்த மூலையில இருக்கெண்டு எனக்குத் தெரியும், எண்டாலும் வாசிக்க ஏலாமல் கிடந்தது. பனருக்கு நேர கீழ நிண்ட ஒரு ஐயா என்னை மறிச்சுக் கேட்டார், "பிள்ளை, உது எப்ப நடக்குது?" எண்டு.

அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை. இரத்தம் குடுக்கக்கூடிய ஒரு ஆள் என்ர பனரை விளங்காமல் கடந்து போயிருந்தால் எண்டுதான் யோசினை.

கொழும்புக்குப் போய்ப் படிக்க இப்ப வசதியில்லை. யூடியூப்பில பாக்கிறது முழுக்க ஆங்கில எழுத்தை வைச்சுத்தான் சொல்லித் தருகினம். அதை அப்பிடியே தமிழில செய்தால் நெருக்கிப்பிடிச்ச மாதிரி வருது. அடிப்படை எண்டு எதை முதலில பழக வேணும்? கீறத் தெரிஞ்சிருக்க வேணுமோ? எனக்கு ஆள் முகம் கீற வராது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லித் தாங்கோ.


சித்திர ரீச்சர் எழுதியது:

பிள்ளை, அந்த ஐயா கேட்ட கேள்வி உம்மை நித்திரை கொள்ள விடேல்லை எண்டு வாசிச்ச உடனேயே, உமக்கு இந்த வேலை வரும் எண்டு எனக்கு விளங்கிவிட்டது. நான் முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில சித்திரம் படிப்பிச்சு இளைப்பாறினனான்.

முகம் கீறத் தேவையில்லை. பாக்கப் பழக வேணும். முதல் பயிற்சி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு உம்முடைய பனரைப் பாரும். எழுத்து வாசிக்க ஏலாது, வெளிச்சமும் இருட்டும் மட்டும் திட்டுத் திட்டாய்த் தெரியும். அப்ப எந்தத் திட்டு முதல் தெரியுதோ அதைத்தான் தெருவில போறவர் முதல் காணுவார். உமது பனரில அது மூண்டு பேற்ற முகமாய்த்தான் இருந்திருக்கும். மனுசக் கண் முகத்துக்குத்தான் முதல் ஓடும்.

இரண்டாவது, கிட்டக் கிட்ட இருக்கிறதை எங்கட கண் ஒரு கூட்டமாய் எடுக்கும். கோலத்துக்குப் புள்ளி வைக்கேக்க நீர் இதைக் கண்டிருப்பீர். ஒரே இடைவெளியில வைச்ச புள்ளி சதுரமாய்த் தெரியும், ஒரு பக்கம் இடைவெளியைக் கூட்டினால் உடனே வரிசையாய்த் தெரியும். கோடு ஒண்டும் போடத் தேவையில்லை. ஜேர்மனியில மக்ஸ் வெர்தைமர் எண்ட உளவியலாளர் 1923 இல எழுதின கட்டுரையில இப்பிடிப் புள்ளிகளை அடுக்கித்தான் இந்த விசயத்தை விளக்கினவர். உம்முடைய வேலைக்கு இதின்ர பொருள் என்னவெண்டால், திகதி, நேரம், இடம் மூண்டும் ஒண்டாய் இருக்க வேணும். திகதி மேல் மூலையில, இடம் கீழ் மூலையில, நேரம் நடுவில எண்டு கிடந்தால் வாசிக்கிறவர் மூண்டு தரம் தேட வேணும்.

ஒருநாள் பின்னேரம் நல்லூரடிக்குப் போய், மதிலில இருக்கிற சிவப்பு வெள்ளைப் பட்டையைப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லும். ஒரு எழுத்தும் இல்லை. எண்டாலும் அந்தப் பட்டையை எந்த ஊரில கண்டாலும் கோயில் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டே நிறம், ஒரே அளவுப் பட்டை, இடைவிடாமல் வருது. அவ்வளவுதான். கொப்பி ஒண்டை வைச்சிரும், இப்பிடிக் கண்டதையெல்லாம் பென்சிலால பெட்டி பெட்டியாய்க் கீறி வையும். வடிவாய் வரவேணும் எண்டில்லை.


வண்ணை அச்சகம் எழுதியது:

தங்கச்சி, ரீச்சர் சொன்னதுக்கு மேல நான் எழுத்தைப் பற்றிச் சொல்லுறன். கொஞ்சம் நீளும், பொறுத்து வாசியுங்கோ.

1994 இல, 16 வயசில வண்ணார்பண்ணையில ஒரு அச்சகத்தில சேர்ந்தனான். கரண்ட் இல்லை. தாள் இல்லை. பத்திரிகையே கொப்பி ஒற்றையில வந்த காலம். ஈய எழுத்தை ஒவ்வொண்டாய்க் கையால பொறுக்கிக் கோர்த்து, காலால மிதிக்கிற மெசினில அடிப்பம். எழுத்துப் பெட்டியில கொம்பு ஒரு அறை, கால் ஒரு அறை, கு கூ மு மூ எல்லாம் தனித்தனி அறை. ஒரு மரண அறிவித்தலுக்குக் கிடைக்கிறது அரை ஒற்றை. அதில எதைப் பெரிசாய்ப் போடுறது, எதை விடுகிறது எண்டு துண்டில எழுதிக் காட்டின பிறகுதான் முதலாளி எழுத்துப் பெட்டியைத் தொட விடுவார். டிசைன் எண்ட சொல்லை நான் அந்தக் காலத்தில கேட்டதேயில்லை. ஆனால் நான் பழகினது அதைத்தான் எண்டு பிறகு விளங்கினது.

அதால என்ர முதல் சொல்லு இதுதான். கொம்பியூட்டரைத் திறக்க முதல், வாசிக்கப்போற ஆள் எவ்வளவு தூரத்தில நிக்கிறார், அவருக்கு முதல் என்ன தெரிய வேணும் எண்டு துண்டில எழுதுங்கோ. உங்கட பனரையே எடுப்பம். போர்ட் எழுதுற ஆக்களிட்ட ஒரு பழைய கணக்கு இருக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். சந்தியில சயிக்கிளில வாறவர் 60 அடிக்கு அங்கால வாசிக்கத் தொடங்கினால்தான் கடக்க முதல் முடிப்பார். அப்ப எழுத்து 6 அங்குலம் வேணும். 6 அங்குலம் எண்டது 'ப', 'ம' மாதிரி வெறும் எழுத்தின்ர உயரம். மேல வாற விசிறியையும் கீழ வாற சுழியையும் இதில சேர்க்கக்கூடாது.

இப்ப கூட்டிப் பாருங்கோ. பனர் 4 அடி, அதாவது 48 அங்குலம். மேலயும் கீழயும் மூண்டு மூண்டு அங்குலம் விட்டால் 42. ஒரு வரிக்கு எழுத்து 6, இடைவெளி 4, மொத்தம் 10. நாலு வரிதான் வரும்! இரத்ததான முகாம், திகதியும் கிழமையும், நேரம், இடம். முடிஞ்சுது. ஊதா நிறமும் நிழலும் ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் அந்தப் பனரில எத்தினை வரி போட்டனீங்கள் எண்டு எண்ணிப் பாருங்கோ. தலைவர் செயலாளரின்ர பேர் கிட்ட வந்து வாசிக்கிற ஆளுக்குரியது. அது அடியில சின்னனாய் ஒரு வரியில இருந்தால் காணும். உங்கட எல்லா வரியும் ஒரே அளவில கத்தினால் ஒண்டும் கேக்காது.

இதைச் சோதிக்கக் காசு செலவழிக்க வேண்டாம். பனரை ஏ4 தாளில படுக்கையாய், அகலம் முட்ட அடியுங்கோ. அது கிட்டத்தட்ட 12 அங்குலம், உண்மைப் பனரில எட்டில ஒண்டு. சுவரில ஒட்டிப்போட்டு ஏழரை அடி தள்ளி நில்லுங்கோ. 60 அடியில பனர் எப்பிடித் தெரியுமோ அப்பிடியே தெரியும். அங்கை நிண்டு வாசிக்க ஏலாட்டில் சந்தியிலயும் ஏலாது.

அடுத்தது, தமிழில செய்ய நெருக்கிப்பிடிக்குது எண்டு கேட்டீங்கள். அது உங்கட பிழையில்லை. ஆங்கில எழுத்துக்கு எண்டு மென்பொருள் தானாய்ப் போடுற வரி இடைவெளி எழுத்தளவில நூற்றுக்கு 120. தமிழில ஒரு வரியின்ர 'கூ' கீழ இறங்கும், அடுத்த வரியின்ர 'கீ' மேல ஏறும், இரண்டும் முட்டும். 140, 150 எண்டு வையுங்கோ. நாங்கள் ஈய எழுத்துக் கோர்க்கேக்க வரிக்கும் வரிக்கும் நடுவில மெல்லிய ஈயத் தகடு வைப்பம். மென்பொருளில அதுக்கு இண்டைக்கும் லீடிங் எண்டுதான் பேர், ஈயத்துக்கு ஆங்கிலத்தில சொல்லுற சொல்லிலயிருந்து வந்தது. அந்தத் தகட்டை முதலாளி ஒருநாளும் மிச்சம் பிடிக்க விட்டதில்லை, தாள் இல்லாத காலத்திலயும்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளியை இழுக்க வேண்டாம். ஆங்கிலத்தில தலைப்பை அகட்டி வைக்கிறது எடுப்பாய் இருக்கும். தமிழில 'கொ' எண்டதை அகட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் மற்றப் பக்கம் போய், நடுவில 'க' அநாதையாய் நிக்கும். பெரிய எழுத்து சின்ன எழுத்து எண்டு எங்களுக்கு இல்லை. அதால ஒண்டைத் தூக்கிக் காட்ட எங்களிட்ட இருக்கிறது அளவும் தடிப்பும் நிறமும், சுத்தி விடுகிற வெற்றிடமும்தான். வெற்றிடத்தை வீணாய்ப் போன இடம் எண்டு நினைக்காதேங்கோ. இடம் பத்தாட்டில் எழுத்தைப் பக்கவாட்டில பிடிச்சு அமத்திறதும் கூடாது. நிக்கிற கோடு மெலிஞ்சு, படுக்கிற கோடு தடிச்சு, எழுத்து நோயாளி மாதிரி வரும். சொல்லைக் குறையுங்கோ.

எழுத்தைச் சுத்திக் கோடு போடுறதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேணும். 'ண'வைப் பெரிசாக்கிப் பாருங்கோ, உள்ளுக்கை சுழிச் சுழியாய் ஓட்டை இருக்கு. 'ஞ', 'இ' எல்லாம் அப்பிடித்தான். தடிச்ச எழுத்துக்குக் கோடும் போட்டால் அந்த ஓட்டை அடைபடும். அதைவிட மோசம் புள்ளி. கோடு வீங்கிப் புள்ளி எழுத்தோட ஒட்டினால் 'ம்' எண்டது தூரத்தில 'ம' எண்டு தெரியும். ஆங்கில எழுத்து ஒண்டில புள்ளி போனால் ஊகிக்கலாம், தமிழில புள்ளி போனால் சொல்லே மாறும்.

எழுத்துரு. உங்கட கடையில பாமினிதான் இருக்கும். அது யூனிகோட் இல்லை, அதாவது எல்லாக் கொம்பியூட்டரும் விளங்கிக்கொள்ளிற பொது எழுத்து முறை இல்லை. ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ்ப் படத்தை ஒட்டி வைச்சிருக்கு. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில திறந்தால் 'அம்மா' எண்டு நீங்கள் அடிச்சது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு கிடக்கும். இலவசமாய் எடுக்கக்கூடிய யூனிகோட் எழுத்துருக்கள் கூகுளில இருக்கு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை. நோட்டோவில மெலிசிலயிருந்து மிகத் தடிப்பு வரைக்கும் ஒன்பது படி இருக்கு, அந்த ஒரு குடும்பமே உங்களுக்கு ஒரு வருசத்துக்குக் காணும். ஃபோட்டோஷொப்பில கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிண்டால் பயப்படாதேங்கோ. பந்தி அமைப்பில வேர்ல்ட் ரெடி எண்டு ஒரு தெரிவு இருக்கு, அதைப் போட்டால் சரிவரும். இங்க்ஸ்கேப் எண்டு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதில தமிழ் தானாய்ச் சரியாய் வரும்.

நிறத்துக்கு ஒரு சோதனை காணும். வேலை முடிய முதல் முழுவதையும் கறுப்பு வெள்ளையாய் மாத்திப் பாருங்கோ. உங்கட ஊதாவும் சிவப்பும் ஒரே சாம்பலாய் வந்திருக்கும். இரண்டும் வேற நிறம், ஆனால் ஒரே அளவு இருட்டு. தூரத்தில கண் பிடிக்கிறது வெளிச்ச வித்தியாசத்தை. இரத்ததானம் எண்டால் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரே ஒரு சிவப்புத் துளி. அந்தத் துளி வேற ஒரு சிவப்பும் பக்கத்தில இல்லாததாலதான் இரத்தமாய்த் தெரியும்.

கடைசியாய் ஒண்டு, இதை நான் கனபேருக்குச் சொன்னதில்லை. ஒரு 15 வருசத்துக்கு முதல், சுன்னாகப் பக்கத்து ஐயா ஒருத்தர் தன்ர மனுசியின்ர 31 ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்கத் தந்தவர். அட்டை நான் செய்தது. நடராசர், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, தாமரை, தங்கக் கரை, கடும் மரூன் பின்னணி. அந்த அம்மாவின்ர பேரை வளைஞ்சு வளைஞ்சு வாற எழுத்தில தங்க நிறத்தில போட்டிருந்தன். 300 பிரதி அடிச்சாச்சு. ஐயா வந்து ஒண்டைக் கையில எடுத்தவர். கண்ணில வெண்படலம். புத்தகத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சு, சரிச்சு, பெருவிரலால அட்டையைத் தடவிக்கொண்டு போனார். பிறகு என்னைப் பாத்து, "தம்பி, அவவின்ர பேர் எங்கை?" எண்டு கேட்டார்.

முதலாளி ஒரு சொல்லும் சொல்லேல்லை. இரவோட இரவாய் அட்டையை மாத்தினம். வெள்ளை மட்டை, அந்த அம்மாவின்ர படம், கீழ 36 பொயின்ற் எழுத்தளவில பேர், அதுக்குக் கீழ தோற்றம், மறைவு. வேற ஒண்டும் இல்லை. விடிய வந்து எடுத்தவர், பேருக்குக் கீழ விரலை வைச்சு எழுத்துக்கூட்டி வாசிச்சார். அண்டையிலயிருந்து எந்த வேலையையும் உண்மை அளவில அடிச்சு, வயசு போன ஒரு ஆளின்ர கையில குடுக்காமல் நான் மெசினில ஏத்திறதில்லை.


ஃபிளெக்ஸ் கடை எழுதியது:

அண்ணை எழுதினது எல்லாம் சரி. ஆனால் கடையில நிக்கிறவருக்கு வேற ஒரு கஷ்டம் இருக்கு, அதையும் தங்கச்சிக்குச் சொல்ல வேணும். காசு தாற ஆள்தான் தன்ர படத்தைப் பெரிசாய்ப் போடச் சொல்லுறார். மாட்டன் எண்டால் அடுத்த கடைக்குப் போவார். நான் செய்யிறது என்னவெண்டால், அவர் கேட்ட மாதிரி ஒண்டு, நான் சரியெண்டு நினைக்கிறது ஒண்டு, இரண்டையும் ஏ4இல அடிச்சுக் கடை வாசலில ஒட்டிப்போட்டு, "அண்ணை, றோட்டுக்கு அங்கால நிண்டு பாத்திட்டுச் சொல்லுங்கோ" எண்டு விடுவன். வாயால வாதாடிறதைவிட அது வேலை செய்யும். எல்லாரும் மாற மாட்டினம். பாதிப்பேராவது மாறுவினம்.

பாமினியைக் கைவிடச் சொல்லுறதுதான் எனக்கு முழுக்க உடன்பாடில்லை. பழைய வாடிக்கையாளரின்ர ஃபைல் எல்லாம் அதிலதான் கிடக்கு. வேகமாய் அடிக்கிற ஆக்களின்ர விரலும் அதிலதான் பழகினது. இரண்டும் தெரிஞ்சிருக்கட்டும்.

அச்சுக்கு அனுப்பேக்க பிழைக்கிற இடங்களையும் சொல்லிவிடுறன். பனரின்ர கரையை மடிச்சு ஒட்டி ஓட்டை போடுவம், அதால சுத்திவர மூண்டு அங்குலத்துக்குள்ள எழுத்து வைக்க வேண்டாம். நோட்டீசுக்கு வெட்டுக்கு எண்டு நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் பின்னணியைக் கூட விடுங்கோ. நோட்டீசுக்குப் படம் 300 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி, வேணும். பெரிய பனருக்கு உண்மை அளவில 72, 100 காணும், 300 போட்டால் ஃபைல் திறக்கவே மாட்டுது. அனுப்ப முதல் எழுத்தையெல்லாம் கேர்வ்ஸ், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம், ஆக்குங்கோ, எங்கட கொம்பியூட்டரில உங்கட எழுத்துரு இருக்காது. ஃபோன் திரையில மின்னுற பச்சையும் நீலமும் மையில வராது, அதை வாடிக்கையாளருக்கு முதலே சொல்லி வையுங்கோ. வெயிலில முதல் வெளிறிறது சிவப்பும் மஞ்சளும். கனநாள் தொங்கப்போற போர்டில முக்கியமான வரியைச் சிவப்பில போட வேண்டாம்.


வண்ணை அச்சகம் எழுதியது:

தம்பி, பாமினி விசயத்தில நீர் சொல்லுறது நியாயம். நானும் பாமினியிலதான் வேகமாய் அடிப்பன். புதுசாய்ப் பழகிற பிள்ளை யூனிகோடில தொடங்கட்டும் எண்டதுதான் என்ர விருப்பம். இரண்டு தாளை ஒட்டிக் காட்டிற வேலையை நானும் இனிச் செய்யப்போறன்.


கம்பஸ் பெடியன் எழுதியது:

அக்கா, எழுத்தைப் பற்றி அண்ணை எல்லாம் சொல்லிப்போட்டார். நான் படம் மூலம் விளங்கப்படுத்திறதுக்கு ஒரு பயிற்சி சொல்லுறன்.

லண்டன் சுரங்க ரயிலுக்கு 1933 இல ஒரு புது வரைபடம் வந்தது. செய்தவர் ஹரி பெக். அவர் மின்சார வரைபடம் கீறின அனுபவமுள்ள வரைவாளர். அதுக்கு முதல் இருந்த வரைபடங்கள் நிலத்தில பாதை எப்பிடி வளையுதோ அப்பிடியே காட்டப் பாத்தவை, நகர நடுவில பேரெல்லாம் ஒண்டோட ஒண்டு முட்டும். சுரங்கத்துக்குள்ள போற ஆளுக்கு மேல எந்தத் தெரு எண்டு தேவையில்லை, அடுத்தது எந்த நிலையம், எங்கை மாற வேணும் எண்டதுதான் தேவை எண்டு அவர் யோசிச்சார். கோட்டை நேராக்கி, நிக்கிறது, படுக்கிறது, 45 பாகைச் சரிவு எண்டு மட்டும் வைச்சு, நிலையங்களுக்கு நடுவில இடைவெளியைச் சமன் பண்ணினார். உண்மைத் தூரத்தை விட்டதாலதான் அந்தப் படம் விளங்கினது.

இதை நீங்கள் பருத்தித்துறை வீதி பஸ்சுக்குச் செய்து பாருங்கோ. யாழ்ப்பாணம், இருபாலை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால், வல்லை, நெல்லியடி, மந்திகை, பருத்தித்துறை. ஒரு நேர்க்கோடு, பத்துப் புள்ளி. பேரை எங்கை வைக்கிறது, எந்த இடத்துப் புள்ளியைப் பெரிசாக்கிறது, அம்மம்மா மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போக வேணுமெண்டால் அவவுக்கு அது எப்பிடி உடனே தெரியும் எண்டு யோசிச்சுச் செய்யுங்கோ. நான் முதல் தரம் செய்யேக்க பேரெல்லாம் சரிச்சு எழுதினனான். வாசிக்கிற ஆள் தலையைச் சரிக்க வேண்டி வந்தது. பிறகு கோட்டை நிமித்தி வைச்சுப் பேரைப் படுக்கையாய் எழுத, எல்லாம் இடம் பிடிச்சது.

யாழ்ப்பாணம் ரயில் ஸ்ரேசனுக்குப் போனால் பேர்ப்பலகையையும் பாருங்கோ. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூண்டிலயும் பேர் இருக்கும். 'யாழ்ப்பாணம்' எண்டு எழுத எடுக்கிற அகலத்தில ஆங்கிலப் பேர் எவ்வளவு குறுகி நிக்கும் எண்டு கவனியுங்கோ. மூண்டு மொழியில நோட்டீஸ் செய்ய வந்தால், மூண்டுக்கும் ஒரே எண்ணை எழுத்தளவாய்ப் போட்டால் சமனாய்த் தெரியாது. கண்ணால பாத்துத்தான் சமன் பண்ண வேணும்.


கொக்குவில் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர், கொப்பி வேண்டிட்டன். நல்லூர் மதிலும் எங்கட கிணத்துக் கட்டும் கீறினனான். அண்ணை, நீங்கள் எண்ணிப் பாக்கச் சொன்னனீங்கள், எண்ணினன். என்ர பழைய பனரில 13 வரி. திகதி எழுத்தை அளந்தன், ஒண்டேகால் அங்குலம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் போகாமல் அதே பனரைத் திருப்பிச் செய்தன். முதல் துண்டில எழுதினன். மேசையில இருந்து எழுதேக்கதான் நேரத்தை நான் முதல் பனரில "காலை 8.30 மணி தொடக்கம் மாலை 2.30 மணி வரை நடைபெறும்" எண்டு போட்டது ஞாபகம் வந்தது. இப்ப "காலை 8.30 – 2.30" எண்டு மட்டும். நோட்டோவில தடிச்சது, வரி இடைவெளி 145. வெள்ளைப் பின்னணி, ஒரு சிவப்புத் துளி. நிர்வாகத்தின்ர பேர் அடியில ஒரு வரி.

ஏ4இல அடிச்சுக் குசினிக் கதவில ஒட்டிப்போட்டு, அளந்து ஏழரை அடியில கதிரை போட்டு அம்மம்மாவை இருத்தினன். அவ கண்ணாடி போடாமல் வாசிக்கத் தொடங்கினவ. "இரத்ததான முகாம்" சரி. திகதி சரி. நேரம் சரி. இடத்துக்கு வந்து நிண்டவ. "சனசமூக நிலையம், கொக்குவில்" எண்டு நான் போட்டிருந்தன். நிலையம் எண்டதில கடைசி எழுத்தை அவ "ம" எண்டு வாசிச்சா. கிட்டப் போய்ப் பாத்தால், இடம் பத்தாமல் அந்த வரியை மட்டும் நான் பக்கவாட்டில அமத்தி, மெல்லிய கோடும் போட்டிருந்தன். புள்ளி எழுத்தோட ஒட்டிப் போச்சு. நீங்கள் சொல்லியும் செய்திருக்கிறன்.

கோட்டை எடுத்துப்போட்டு, ஊர்ப்பேரைக் கீழ சின்னனாய் இறக்கி, "சனசமூக நிலையம்" எண்டதை முழு அளவில விட்டன். திருப்பி அடிச்சு ஒட்ட, அம்மம்மா ஒரே மூச்சில வாசிச்சுப்போட்டு, "அப்ப நான் குடுக்க ஏலாதோ?" எண்டு கேட்டா.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஊர்ப்பேரைச் சின்னனாக்கினதால அது இப்ப 3 அங்குலம்தான். வெளியூர் ஆக்கள் வருவினம் எண்டால் அது காணுமோ?


வண்ணை அச்சகம் எழுதியது:

பனர் கட்டுறது கொக்குவில் சந்தியில எண்டால் காணும். அங்கை நிக்கிறவருக்கு எந்த ஊர் எண்டு தெரியும். யாழ்ப்பாண ரவுணுக்குள்ளயும் ஒண்டு கட்டிறதெண்டால் அதுக்கு வேற பனர் செய்யுங்கோ. அதில ஊர்ப்பேர் 6 அங்குலம், சனசமூக நிலையம் சின்னனாய் வரட்டும். அனுப்ப முதல் அதையும் அம்மம்மாவிட்டக் காட்டுங்கோ.